பதினைந்து வாட் தியாகம்

அந்த இசைக்குழுவில் கிதார்காரரிடம் சத்தத்தைக் குறைக்கச் சொல்வதில்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் விஷயத்தைப் பெயர்சொல்லி அழைக்க வேண்டியிருக்கும். அதைத் தவிர்ப்பதற்குத்தானே அந்த விதி. புதிதாகச் சேர்பவர் இரண்டாவது ஒத்திகைக்குள் தாமாகவே கற்றுக்கொள்வார். கற்றுக்கொள்ளாதவருக்கு மூன்றாவது ஒத்திகைக்கு அழைப்பு வராது.

குறைக்கச் சொல்லும் வாய்ப்பு இல்லாத இடத்தில், குறைக்கச் சொல்லாமலே புலம்புவதற்கென்று ஒரு தனி மொழி வளர்ந்திருந்தது. “இந்த ரூம்ல கொஞ்சம் எதிரொலி இருக்கு” என்று டிரம்ஸ் வாசிப்பவன் சொன்னால், கிதார் காதைப் பிளக்கிறது என்று பொருள். “இன்னிக்கு என் கைதான் சரியில்ல” என்று பேஸ் வாசிப்பவர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டால், கிதாரைத் தவிர வேறெதுவும் யாருக்கும் கேட்கவில்லை என்று பொருள். பழி சுவர்மேல் விழலாம், மின்சாரத்தின்மேல் விழலாம், மழை வரப்போகும் வானத்தின்மேல்கூட விழலாம். கிதார்காரரின் ஆம்ப்ளிஃபையரில் இருந்த ஒரே ஒரு குமிழின்மேல் மட்டும் விழக்கூடாது.

கிதார்காரர் ஒரு பல் மருத்துவர். ஒத்திகை நடந்த பின்னறை அவர் வீட்டினுடையது. கருவிகளை ஏற்றிச்செல்லும் வண்டி அவருடையது. நிகழ்ச்சிகளைப் பிடித்துத் தரும் தொடர்புகளும் அவரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்களே. இவ்வளவும் ஒருவருடையதாக இருக்கும்போது காதுகளும் அவருடையவையாகிவிடுவதில் வியப்பில்லை. டிரம்ஸ் வாசித்தவன் அவருடைய மனைவியின் தம்பி. தொழிலுக்கு ஏற்றாற்போல் மாமாவின் எல்லாச் சொற்களுக்கும் தாளம் போடுவான். பேஸ் வாசித்தவர் காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தர். மேடையில் நின்ற இடத்தைவிட்டு அசையாததால் அவருக்குத் ‘தூண்’ என்று பெயர். கருத்துகளிலும் அவர் அப்படித்தான்: யார் எதைச் சாய்த்து வைத்தாலும் தாங்கிக்கொள்வார்.

பாடியவள் பல் மருத்துவரின் சொந்தத் தங்கை. பள்ளியொன்றில் மொழிப்பாடம் நடத்துபவள். வாரநாட்களில் வகுப்பறையின் இரைச்சலுக்கு மேலும், வார இறுதிகளில் அண்ணனின் கிதாருக்கு மேலும் அவள் குரல் எழும்ப வேண்டியிருந்தது. முன்னதற்குச் சம்பளம் வந்தது. பின்னதற்குப் பாராட்டு வந்தது, அதுவும் பெரும்பாலும் கிதாருக்கே.

அந்தக் குரல்தான் ஒரு நாள் பாதியில் கம்மியது. தொண்டை மருத்துவர் மெல்லிய கருவி ஒன்றை உள்ளே செலுத்தித் திரையில் காட்டினார். குரல் நாண்கள் இரண்டின் ஓரத்திலும் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு சிறு தடிப்புகள்.

“எங்க இப்படிக் கத்துறீங்க?”

“கத்தலை டாக்டர். பாடுறேன்.”

“சரி, எதுக்கு மேல பாடுறீங்க?”

“அந்த ரூம்ல எதிரொலி டாக்டர்,” என்றாள். மருத்துவரின் அறையிலும் விதி செல்லுபடியாகிறது என்பதை அப்போதுதான் உணர்ந்தாள்.

“உங்க குரல் உங்களுக்கே கேக்குற இடத்துல மட்டும் பாடுங்க,” என்றார் மருத்துவர். “இல்லேன்னா இந்த வருஷக் கடைசியில கத்தி வைக்க வேண்டியிருக்கும். வெச்ச பிறகு இதே குரல் திரும்பி வரும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.”

அன்று மாலையே அவள் அண்ணனிடம் போனாள். தடிப்பைச் சொன்னாள், கத்தியைச் சொன்னாள். சொல்ல வேண்டிய வாக்கியத்தின் வாசல்வரை போய்விட்டு, அனுமதிக்கப்பட்ட மொழிக்குத் திரும்பிவிட்டாள்: “மேடையில என் குரல் எனக்கே கேக்க மாட்டேங்குதுண்ணா.”

அண்ணனின் கண் கலங்கியது. அன்பில் அவர் கஞ்சத்தனம் பார்ப்பவர் அல்லர், கவனத்தில்தான். அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு, நோயின் வேரைக் கண்டுபிடித்தவரின் குரலில் சொன்னார்:

“எல்லாம் இந்த ஆம்ப் பண்ற வேலைம்மா. இதுல உயிரே இல்ல. உயிர் இல்லாததாலதான் நான் ஏத்தி வைக்க வேண்டியிருக்கு. வால்வு ஆம்ப் ஒண்ணு வாங்கிடுவோம். அதுல கொஞ்சமா வெச்சாலே நெறஞ்சு நிக்கும். உன் தொண்டைக்கு அதுதான் மருந்து.”

வால்வு ஆம்ப் என்பது பழைய வானொலிப் பெட்டிகளைப் போலக் கண்ணாடிக் குழல்களைக் கொண்டு ஒலியைப் பெருக்குவது. சூடேறிய பிறகே வேலை செய்யும். அதன் மீது பக்தி கொண்டவர்கள் எல்லோரும் ஒருமனதாகச் சொல்லும் செய்தி ஒன்றுண்டு: குழல்களை மிதமாக வைத்தால் அது வெறும் பெட்டி, முழுமூச்சில் விரட்டினால்தான் அதன் இனிமை வெளிப்படும். கொஞ்சமாக வைத்தால் நிறைந்து நிற்கும் என்று அவர்களில் ஒருவரும் சொன்னதில்லை. தங்கையின் தொண்டைக்கான மருந்து, அண்ணன் நெடுங்காலமாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்த பொருளாகவே அமைந்துவிட்டது மருத்துவ வரலாற்றில் ஓர் அரிய நிகழ்வு.

கடைக்கு நால்வரும் போனார்கள். சுவர் நெடுகக் கிதார்கள் தொங்கின. தரையில் கறுப்புத் துணி போர்த்திய பெட்டிகள் முகம் காட்டி உட்கார்ந்திருந்தன. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:

“வீட்டுல வாசிக்கவா சார், மேடைக்கா?”

“ரெண்டுக்கும்.”

“ரெண்டுக்கும்னு கேக்குறவங்களாலதான் சார் என் பொழப்பே ஓடுது. மேடைக்குச் சரியானது வீட்டுல சுவரை இடிக்கும். வீட்டுக்குச் சரியானது மேடையில சிணுங்கும்னு வாங்க மாட்டாங்க. ஒண்ணை எடுத்துட்டுப் போவாங்க, அடுத்த வருஷம் வந்து மாத்திக்குவாங்க.”

அண்ணன் இதைத் தம்மைப் பற்றிய பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐம்பது வாட் பெட்டியின் முன் போய் நின்றார். தமக்குத் தெரிந்த ஒரே நீண்ட சுர ஓட்டத்தை அதில் வாசித்தார். பிறகு அதையே பதினைந்து வாட் பெட்டியில் வாசித்தார். பிறகு மீண்டும் ஐம்பதில். ஒவ்வொரு முறையும் கண்ணை மூடி, சுவைத்து விழுங்குவதுபோல் தொண்டையை அசைத்து, தீர்ப்புச் சொன்னார்.

“இதுல ஒரு வெதுவெதுப்பு இருக்கு. நடுவுல பஞ்சு மாதிரி. கேக்குதா?”

“கேக்குது மாமா,” என்றான் மச்சினன். “பஞ்சேதான்.”

“இதுல பஞ்சு இல்ல. பட்டு.”

“ஆமா சார்,” என்றார் தூண். “பட்டு நல்லாத் தெரியுது.”

இல்லாத பொருளுக்கு ஓர் உருவகத்தைக் கொடுத்துவிட்டால், அதை மறுக்க முயல்பவர் ரசனையற்றவர் ஆகிவிடுகிறார். பஞ்சுக்கும் பட்டுக்கும் நடுவே தங்கை நின்றாள். அவள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: இரண்டும் அவளைவிடச் சத்தமாக இருந்தன. மூலையில் ஒரு சிறிய பெட்டியைக் கண்டு, அது என்ன என்று கடைக்காரரிடம் கேட்டாள்.

“அஞ்சு வாட்டும்மா. உங்களுக்கு வேண்டியது உண்மையில இதுதான். மேடையில இதுக்கு முன்னாடி ஒரு மைக் வெச்சீங்கன்னா மண்டபத்து ஸ்பீக்கர் மீதியைப் பாத்துக்கும். வீட்டுல முழுசாத் திருகினா பக்கத்து வீட்டுக்காரர் வருவார்தான். போலீசைக் கூட்டிட்டு வர மாட்டார்.”

அவள் மனத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு கதவு திறந்தது. “அண்ணா, இதுவே போதுமேண்ணா. ரெண்டுக்கும் ஆகுதாம்.”

அண்ணன் திரும்பிப் பார்த்தார். குழந்தை எதையோ தரையிலிருந்து பொறுக்கி வாயில் வைக்கப்போவதைப் பார்ப்பது போலிருந்தது அந்தப் பார்வை.

“இதையா? இது ஆம்ப் இல்லம்மா. டிபன் பாக்ஸ்.”

மச்சினன் சிரித்தான். தூண் சிரிப்பதற்கு முன் அண்ணன் சிரிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு சிரித்தார். திறந்த கதவு சாத்திக்கொண்டது.

“ஒண்ணு சொல்றேன் சார்,” என்றார் கடைக்காரர், விற்பனையைக் கெடுத்துக்கொள்ளாத அளவுக்கு நேர்மையுடன். “அம்பதுக்கும் பதினஞ்சுக்கும் காதுல பெரிய வித்தியாசம் தெரியாது. வாட் பாதியானா சத்தம் பாதியாகாது. பதினஞ்சும் முழுசா வெச்சா ஆளைத் தள்ளும்.”

எச்சரிக்கையாகச் சொல்லப்பட்ட அந்தச் செய்தி அண்ணனின் காதில் நற்செய்தியாக இறங்கியது. அவர் ஐம்பது வாட் பெட்டியின் தலைமேல் உள்ளங்கையை வைத்தார். வெளியூர் போகும் மகனை வழியனுப்பும் தகப்பனைப் போல் சிறிது நேரம் அப்படியே நின்றார். பிறகு தங்கையை நோக்கி,

“எனக்கு இதுதான் வேணும். மறைக்க மாட்டேன். ஆனா உன் தொண்டை இருக்கே. உனக்காகப் பதினஞ்சோட நிறுத்திக்கிறேன்,” என்றார்.

“பெரிய மனசு மாமா உங்களுக்கு,” என்றான் மச்சினன்.

அந்த இடத்தில் அவள் செய்யக்கூடியது நன்றி சொல்வது ஒன்றுதான். சொன்னாள். ஒரு பெட்டியை வாங்கியதற்காக வாங்கியவருக்கே நன்றி சொல்லி, அது தன்மேல் ஒரு கடன்போல ஏறி உட்காருவதையும் உணர்ந்தாள். முன்பு விதி மட்டும்தான் இருந்தது. இப்போது விதியுடன் தியாகமும் சேர்ந்துகொண்டது.

தியாகம் ஊர் சுற்றியது. மருத்துவமனை நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்தவர்களுக்கு அண்ணன் அதை விரிவாகச் சொன்னார்: தங்கைக்காக முப்பத்தைந்து வாட்டை விட்டுக்கொடுத்த கதை. வாயில் பஞ்சும் குழாயும் இருந்ததால் எவரும் மறுத்துப் பேசவில்லை. இவ்வளவு ஒருமித்த வரவேற்பு எந்தக் கதைசொல்லிக்கும் கிடைத்திருக்காது.

வீட்டில் பின்னறை அலமாரிக்கருகே பெட்டி குடியேறியது. முதல் சில நாட்கள் அண்ணன் குமிழை ஒன்றிலேயே வைத்து வாசித்தார். பிறகு பெட்டிக்கு மூச்சுத் திணறுவதாக உணர்ந்தார். மனிதர்களின் மூச்சை அவ்வளவு நுட்பமாகக் கவனிக்காதவர் பெட்டியின் மூச்சுக்காகக் குமிழை நான்குக்கு ஏற்றினார். அடுத்து, குழல்கள் சரியாகச் சூடாகவில்லை என்று ஏழுக்கு. ஒரு நாள் மாலை தங்கை போனபோது சமையலறையில் அண்ணி மிக்ஸியை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஜாடிக்குள் ஒன்றும் இல்லை.

“என்ன அண்ணி அரைக்கிறீங்க?”

“ஒண்ணும் அரைக்கலம்மா. அவர் ஆரம்பிக்கறதுக்கு முன்னால இதைப் போட்டுடுவேன். அப்புறம் எது எதுன்னு தெரியாது.”

“அண்ணாகிட்ட சொல்லலாமே?”

அண்ணி அவளைப் பார்த்தாள். “நீ சொன்னியா?” என்று கேட்டுவிட்டு மறுபடி பொத்தானை அழுத்தினாள்.

அடுத்த ஒத்திகையில்தான் தங்கைக்கு அந்தக் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. இருமல் வந்ததால் பாட்டை நிறுத்தி, அறையின் எதிர்ச்சுவரோரம் இருந்த குட்டை முக்காலியில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் காது பெட்டியின் ஒலிபெருக்கிக்கு நேரானது. ஒரு மெல்லிய, கூரிய கம்பி இரண்டு காதுகளுக்கும் நடுவே இழுக்கப்பட்டது போலிருந்தது. எழுந்தாள், கம்பி மறைந்து, மந்தமான முழக்கம் மட்டும் மிஞ்சியது. உட்கார்ந்தாள், மீண்டும் கம்பி. அண்ணனைப் பார்த்தாள். பெட்டி தரையில் இருந்தது. அவர் அதற்கு முன்னால் ஒட்டினாற்போல் முதுகு காட்டி நின்றார். கிதாரின் கூர்மையான ஒலி முழுவதும் அவருடைய முழங்கால்களின் பின்புறத்தில் போய் மோதி, இரண்டு கால்களுக்கும் நடுவே புகுந்து, எதிரே இருப்பவர்களை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தது. முழங்கால்கள் முறையிடவில்லை. ஆகவே அவர் தம் ஒலி மங்கலாக இருப்பதாக நம்பி, நாளுக்கு நாள் இன்னொரு குமிழைத் திருகி அதற்கு மேலும் கூர் தீட்டிக்கொண்டிருந்தார்.

இத்தனை ஆண்டுகளாகக் கேட்போர் கேட்ட கிதாரை வாசித்தவர் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் ரசித்தது ஒரு பிரதி, ஊருக்குப் போய்ச் சேர்ந்தது வேறொரு பிரதி.

அவளுக்கு நம்பிக்கை பிறந்தது. விதியை மீறவே வேண்டியதில்லை. அவரே கேட்டுவிட்டால் போதும், காது இருக்கிறவர்தானே. அனுமதிக்கப்பட்ட மொழியில் கவனமாகச் சொன்னாள்: “அண்ணா, தரையில தூசி படுதே. பாவம், புதுப் பெட்டி. நாற்காலி மேல வெக்கலாமா?”

பெட்டியின்மேல் காட்டப்பட்ட பரிவில் அண்ணன் நெகிழ்ந்துபோனார். மச்சினனும் தூணும் அதைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நாற்காலியில் சற்றுச் சாய்ந்திருந்ததால், இப்போது அது அண்ணனின் காதை நோக்கியிருந்தது. அவர் தம் நீண்ட ஓட்டத்தைத் தொடங்கினார்; மூன்றாவது சுரத்தில் துள்ளி விலகிக் கம்பிகளைப் பொத்தினார்.

“யாரு இதைத் தொட்டது?”

மூவரும் பெட்டியையே பார்த்தார்கள்.

“யாரோ குமிழைத் திருகியிருக்கீங்க. இவ்வளவு கர்ணகடூரமா என் ஆம்ப் கத்தாது. காதே போயிடும் போல இருக்கு! இதை எப்படிய்யா மனுஷன் கேப்பான்?”

அறை முழுக்க உண்மை நின்றது. அதை வரவேற்க ஆள்தான் இல்லை. தங்கை மச்சினனைப் பார்த்தாள். அவன் குச்சிகளின் நுனியை ஆராய்ந்துகொண்டிருந்தான். பிறகு தலைநிமிர்ந்து, பெரும் நுட்பத்தைக் கண்டவனாகச் சொன்னான்:

“நாற்காலிதான் மாமா. பிளாஸ்டிக்ல வெச்சா சத்தம் அப்படித்தான் வரும்.”

“ஆமா சார்,” என்றார் தூண். “தரைன்னா ஒரு பிடிமானம் இருக்கும். நாற்காலிக்கு அது இல்ல.”

அண்ணன் தங்கையை நோக்கினார். “அப்படித்தான் இருக்குமோ?”

இதைவிட நல்ல தருணம் எந்தக் குழுவின் எந்தத் தங்கைக்கும் வாய்க்காது. கேள்வி கேட்கப்பட்டுவிட்டது; ஒரே சொல்லில் பதில் சொல்லலாம். அவள் தலையாட்டினாள். மற்ற இருவரையும் எந்த ஏளனத்தோடு நினைத்துவந்தாளோ, அந்த ஏளனத்துக்குத் தானும் முழு உரிமை பெற்றாள். பெட்டி தரைக்கு இறங்கியது. அண்ணன் முழங்கால்களை அதன் முன் நிறுத்தி வாசித்துப் பார்த்தார்.

“இப்பதான் சரியா இருக்கு. கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கு,” என்று சொல்லி, ஒலிக்கு இன்னும் சிறிது கூர் தீட்டினார்.

அந்த வாரம் வகுப்பில் அவள் குரல் முழுவதுமாக நின்றது. வாயைத் திறந்தாள்; காற்றுதான் வந்தது. மிச்சப் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினாள். மீண்டும் திரையில் பார்த்த தொண்டை மருத்துவர், தடிப்புகள் வளர்ந்திருப்பதைக் காட்டினார். “உங்க குரல் உங்களுக்குக் கேக்குற இடம்னு ஒண்ணு கிடைக்கவே இல்லையா?” என்று கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. அதனால்தான் அது தைத்தது. சில நாள் மௌனத்துக்குப் பிறகு, மெதுவாக மட்டும் பாடலாம் என்று அனுமதித்தார். ஒரே ஒரு முறை கத்தினாலும் தேதி குறித்துவிடுவேன் என்றார்.

நிகழ்ச்சி ஒரு நிறுவனத்தின் ஆண்டுவிழா. பகல் வெளிச்சம் இன்னும் சன்னல்களில் இருந்தது. நீண்ட மண்டபம், வெள்ளைத் துணி விரித்த மேசைகள், கழுத்தில் அடையாள அட்டையோடு ஊழியர்கள். மண்டபத்தின் சவுண்ட்காரர் பின்சுவரோரம் தம் கருவிகளுடன் உட்கார்ந்திருந்தார். பெட்டி தரையில், அதன் முன் அண்ணனின் முழங்கால்கள். பதினைந்து வாட்தானே என்று குமிழை முழுவதுமாகத் திருகியிருந்தார். தியாகம் செய்தவருக்கு அந்த உரிமைகூட இல்லையா?

முதல் பாட்டுக்கே முன்வரிசை மேசையிலிருந்த ஒரு பெண் மிக இயல்பாக, காதணியைச் சரிசெய்வதுபோல், காதில் விரலை வைத்துக்கொண்டாள். இரண்டு மேலாளர்கள் நாற்காலிகளை ஓசைப்படாமல் பின்னுக்கு நகர்த்தினார்கள், ஓசைப்பட்டிருந்தாலும் கேட்டிருக்காது. சவுண்ட்காரர் எழுந்து நின்று உள்ளங்கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினார். அண்ணன் அதைத் தாளமாக எடுத்துக்கொண்டு மகிழ்ச்சியோடு தலையசைத்தார்.

இரண்டாவது, மெதுவான பாட்டு. பாதிக் குரலில் தொடங்க வேண்டியது. தங்கை தொடங்கினாள். உதடு அசைவது தெரிந்தது. தொண்டையில் அதிர்வு தெரிந்தது. குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கிதாரின் அடியில் அது ஒரு துணுக்காகக்கூட இல்லை. தன்னையறியாமல் அவள் வயிறு இறுகியது, கழுத்து நரம்புகள் எழுந்தன, தொண்டை கத்துவதற்குத் தயாராகத் தன்னை நெரித்துக்கொண்டது. எத்தனையோ மேடைகளில் செய்ததுதான். இன்னும் ஒரு மூச்சில் அது நடந்துவிடும். பிறகு கத்தி, பிறகு எவருடையதோ ஒரு குரல் அவள் வாயிலிருந்து வந்துகொண்டிருக்கும்.

அவள் வாயை மூடினாள்.

பாட்டு அவளில்லாமல் சிறிது தூரம் நடந்தது. முதலில் தூண் நின்றார். பிறகு டிரம்ஸ் நின்றது. கடைசியில், வேறு வழியில்லாமல், கிதாரும் நின்றது. மண்டபத்தில் கரண்டி ஒன்று தட்டில் விழும் ஒலி கேட்டது. இருநூறு முகங்கள் மேடையை நோக்கின.

“என்னம்மா, மைக் போச்சா?” என்றார் அண்ணன்.

“மைக்தான் மாமா,” என்றான் மச்சினன் உடனே. “ஆரம்பத்துலயே எனக்குச் சந்தேகம்.”

“வயரா இருக்கும் சார்,” என்றார் தூண். “இந்த மண்டபமே அப்படித்தான். எதிரொலி.”

சவுண்ட்காரர் மைக்கைப் பார்த்து ஓடிவரத் தொடங்கினார். தங்கை கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். அண்ணன் பக்கம் திரும்பினாள். மைக்கை வாயிலிருந்து விலக்கவில்லை. கத்தவில்லை. சாதாரணமாக, வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும் குரலில் பேசினாள். அது மண்டபத்தின் கடைசி மேசைவரை தெளிவாகப் போனது.

“மைக் நல்லாத்தான் இருக்கு. வயர் நல்லாத்தான் இருக்கு. மண்டபமும் நல்லாத்தான் இருக்கு. அண்ணா, உன் சத்தம்தான் தாங்கல. குறை.”